செத்த பிறகும் பதில் போட்ட பாட்டி

1880களில் அமெரிக்காவில் கடைக்குப் போய் சோப்போ நூல்கண்டோ வாங்கினால், கூடவே உள்ளங்கை அளவுக்கு ஒரு கலர் அட்டை ஓசியில் கிடைக்கும். முன்பக்கம் படம், பின்பக்கம் விளம்பரம். கல்லில் வரைந்து ஒவ்வொரு நிறமாக அச்சடிக்கும் முறை மலிவாகிவிட்ட நேரம். கலர் படமே அபூர்வமான வீடுகளில் இதையெல்லாம் ஆல்பத்தில் ஒட்டி பத்திரமா வச்சிருந்தாங்க.

படத்தில் நிறைய பெண்கள்தான். ரோஜாப்பூ கன்னம், பூ வச்ச தொப்பி. விற்கிற சாமானுக்கும் அந்தப் பொண்ணுக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது (இன்னிக்கு மட்டும் என்னவாம்னு நீங்க முணுமுணுக்கிறது கேட்குது). அச்சகத்தில் படம் ரெடியா இருக்கும், கடைக்காரர் தன் பேரை மட்டும் போட்டுக்குவார்.

இந்த அழகிகள் கூட்டத்தில் ஒரு பாட்டி வந்து உட்கார்ந்தாங்க பாருங்க! லிடியா பிங்கம், மாசசூசெட்ஸ் மாநிலம் லின் நகரம். 1873 பொருளாதாரச் சரிவில் கணவர் நொடிச்சுப்போக, வீட்டில் காய்ச்சின மூலிகை மருந்தை 1875லிருந்து பெண்களுக்கான நோய்களுக்கு விற்க ஆரம்பிச்சாங்க. 1879ல் அவங்க முகத்தையே விளம்பரத்தில் போட்டது குடும்பம். அறுபது வயசு, கறுப்பு டிரஸ், கழுத்தில் லேஸ், லேசான சிரிப்பு. விற்பனை பிச்சுக்கிச்சு.

காரணம் லேசில் புரியும். டாக்டர்கள் பெரும்பாலும் ஆண்கள். மாதவிலக்கு வலியை அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? "பாட்டிக்கு எழுதுங்க, பெண்கள் மட்டும்தான் படிப்பாங்க" என்ற ரீதியில் விளம்பரம் வந்ததும் கடிதங்கள் குவிஞ்சது. உடம்பைப் பற்றி நேரடியாப் பேசுற புத்தகமும் அந்தக் கம்பெனி கொடுத்தது. அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

மருந்தில் சுமார் 18 சதவீதம் ஆல்கஹால். குடும்பமோ மதுவிலக்குக் கட்சி! கெடாமல் இருக்கத்தான் சேர்க்கிறோம்னு விளக்கம் வேற. எனக்கு அதுகூட பெரிசாத் தெரியலை. 1883ல் பாட்டி இறந்துட்டாங்க. அட்டையில் சிரிப்பு மாறலை, "திருமதி பிங்கமுக்கு எழுதுங்க" என்பதும் மாறலை. ஆபீஸில் பெண் குமாஸ்தாக்கள் பதில் எழுதிக்கிட்டே இருந்தாங்க. புருஷனிடம்கூடச் சொல்லாததை ஒரு முகத்தை நம்பி எழுதினவளுக்கு, அந்த முகம் மண்ணுக்குள் போனது தெரியாது.

1905ல் ஒரு பெண்கள் பத்திரிகை, லேடீஸ் ஹோம் ஜர்னல், லின் நகர இடுகாட்டில் இருந்த பாட்டியின் கல்லறையைப் படம்பிடிச்சுப் போட்டது. கல்லில் 1883 என்று தெளிவா இருந்தது. கம்பெனி அசரலை: திருமதி பிங்கம்னு நாங்க சொன்னது மருமகளை!