நாங்க போன பிறகு யார் பார்ப்பா?

1985-ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கார் ஷெட்டில் மூன்று குழந்தைகளோடு ஒரு பள்ளி தொடங்கியது. தொடங்கியவர் பூனம் நடராஜன். கடுமையான பல குறைபாடுகள் கொண்ட ஒரு மகனின் தாய். அந்தப் பள்ளிதான் இன்று கோட்டூர்புரத்தில் ‘வித்யாசாகர்’ என்ற பெயரில் இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் பள்ளிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிய காலம் அது. சேர்த்துக்கொள்ளாதது குற்றம் என்று சொல்ல அன்று ஒரு சட்டமும் இல்லை.

இதே கதை பம்பாயில் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நடந்திருந்தது. 1966-இல் பிறந்த மாலினிக்கு மூளை முடக்குவாதம். இங்கே மருத்துவர்கள் கைவிரித்துவிட, தாய் மிது அலுர் மகளை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். உடல் ஒத்துழைக்காவிட்டாலும் அறிவு கூர்மையாக இருக்கும் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்பதை அங்கே தானும் படித்தார். திரும்பி வந்து 1972-இல் பம்பாயில் ‘ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா’வைத் தொடங்கினார். கல்வியும் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் ஒரே கூரையின் கீழ் கிடைத்தது அன்றைய இந்தியாவுக்குப் புதிது. கல்கத்தா, டெல்லி, பெங்களூர், சென்னை என அதே வழியில் பள்ளிகள் பரவின. மாலினி வளர்ந்து லண்டனில் இரண்டு முதுகலைப் பட்டங்கள் பெற்றார். ஒரே விரலால் தட்டித் தட்டித் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார்.

பள்ளிகளைக் கட்டிய இந்தப் பெற்றோர் வெறும் தாளாளர்களாக நின்றுவிடவில்லை. வெளியூரிலிருந்து வரும் தாய்மார்களுக்கு வித்யாசாகர் சில நாள் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைச் சொல்லி அனுப்பியது. பிள்ளையை எந்தச் சாய்வில் உட்கார வைத்தால் சோறு தொண்டையில் அடைக்காமல் இறங்கும், பேச்சு வராத பிள்ளை படத்தைத் தொட்டுக்காட்டித் தன் தேவையை எப்படிச் சொல்லும் என்பதெல்லாம் இப்படித்தான் மருத்துவமனையைத் தாண்டி ஊர்களுக்குப் போனது. இந்த வரலாற்றில் அதிகம் பேசப்படாத சாதனை இதுதான்.

பள்ளி கிடைத்தது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். அதன்பின் எழுந்தது வேறொரு கேள்வி. ஊனமுற்ற பிள்ளையுள்ள எந்த வீட்டிலும், ராத்திரி விளக்கை அணைத்த பிறகு கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளும் கேள்வி: “நாங்க போன பிறகு இவனை யார் பார்ப்பா?”

அது மனக்கலக்கம் மட்டுமல்ல, சட்டச் சிக்கலும்கூட. 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் சிறார்களுக்கானது. பிள்ளைக்கு 18 வயது நிறைந்த மறுநாளிலிருந்து அவன் சார்பில் அம்மா போடும் கையெழுத்து செல்லாது. அறிவு வளர்ச்சி குன்றிய மகன் பெயரில் தாத்தா எழுதி வைத்த நிலம் இருக்கும். கோர்ட்டுக்குப் போகாமல் அதைக் காக்க யாருக்கும் அதிகாரம் இருக்காது. வங்கிக் கணக்கு தொடங்கவும் வழியிருக்காது. ஊர் ஊராக இருந்த பெற்றோர் சங்கங்கள் 1995-இல் ‘பரிவார்’ என்ற தேசியக் கூட்டமைப்பாகத் திரண்டதற்குப் பின்னால் இருந்த கவலைகளில் முதன்மையானது இது.

அதே 1995-இன் கடைசியில் நாடாளுமன்றம் ஊனமுற்றோர் சட்டத்தை நிறைவேற்றியது. ஏழு வகைக் குறைபாடுகள் அதில் இடம்பெற்றன. ஆட்டிசம் இடம்பெறவில்லை. டெல்லியில் ஆட்டிசம் உள்ள மகனின் தாயான மெரி பருவா, 1991-லேயே ‘ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்’ அமைப்பைத் தொடங்கியிருந்தார். மருத்துவர்களே அந்த நிலையைச் சரியாகக் கண்டறியத் தெரியாமல் இருந்த நாட்டில் அதை அரசிதழில் ஏற்றுவது லேசான வேலையா? நான்கு ஆண்டுகள் கழித்து, 1999-இன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் இடம்பிடித்தது. மூளை முடக்குவாதம், அறிவு வளர்ச்சிக் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகியவை அதனுடன் சேர்ந்த மற்ற மூன்று.

அந்தச் சட்டம் பெற்றோரின் கேள்விக்கு நேரடியாகக் கிடைத்த பதில். அது அமைத்த தேசிய அறக்கட்டளைக்கு ஒன்றிய அரசு 100 கோடி ரூபாய் மூலநிதி தந்தது. ஒவ்வொரு மாவட்டத்திலும் மூன்று பேர் கொண்ட உள்ளூர்க் குழு: கலெக்டர், பதிவுபெற்ற அமைப்பின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர். 18 வயது தாண்டியவருக்குக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் இந்தக் குழுவுக்கு. கோர்ட்டுக்கு அலைந்து, வக்கீலுக்குக் கொடுத்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய ஒன்று கலெக்டர் ஆபீஸில் ஒரு விண்ணப்பமாகச் சுருங்கியது. அறக்கட்டளையின் வாரியத்தில் பெற்றோர் சங்கங்களுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது. பூனம் நடராஜன் பின்னாளில் அந்த அறக்கட்டளைக்கே தலைவரானார்.

ஆனால் சட்டத்தில் பெயர் வந்துவிட்டால் சான்றிதழ் கைக்கு வந்துவிடாது. ஆட்டிசத்தை மதிப்பிட்டுச் சான்றளிக்கும் வழிமுறையை அரசு அறிவித்தது 2016-இல்தான். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் பல பெற்றோர் பிள்ளைக்கு ‘மனவளர்ச்சி குன்றியவர்’ என்ற சான்றிதழைத்தான் வாங்கினார்கள். பஸ் பாஸும் உதவித்தொகையும் வேண்டுமென்றால் பிள்ளையைப் பற்றிய தவறான ஒரு வரியை ஏற்றுக்கொண்டாக வேண்டும். அந்தப் பெற்றோரை யாரும் குறை சொல்ல முடியாது.

மனநோய் வந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்குப் பாதை இன்னும் கரடுமுரடாக இருந்தது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்பருவத்தின் கடைசியிலோ இருபதுகளின் தொடக்கத்திலோ தலைகாட்டும்; நேற்றுவரை கல்லூரிக்குப் போன பிள்ளை இன்று தனக்குத்தானே பேசிக்கொள்வதை வீடு வெளியே சொல்லாது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு 1961 முதல் 1978 வரை கண்காணிப்பாளராக இருந்த டாக்டர் சாரதா மேனன், சிகிச்சையில் குடும்பத்துக்கும் இடம் வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஓய்வுக்குப் பிறகு 1984-இல் ‘ஸ்கார்ஃப்’ என்ற மனச்சிதைவு ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ஊக்கத்தில் சென்னையில் மனநோயாளிகளின் குடும்பத்தினர் கூடி 1989-இல் ‘ஆஷா’வை அமைத்தார்கள். வெட்கத்தால் வாய் திறக்காதிருந்த தகப்பன்களும் அக்காக்களும் ஒரே அறையில் உட்கார்ந்து பேசியதே அன்று பெரிய காரியம்.

அந்த அறை கிடைக்காத குடும்பங்களே மிகுதி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டி இயங்கிய ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. கொண்டுவந்து விட்டவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று ஊர் திட்டியது. மருந்தும் மருத்துவரும் பக்கத்தில் இல்லாத கிராமத்திலிருந்து, கடன் வாங்கி, குணமாகும் என்ற நம்பிக்கையில் வந்தவர்களும் அவர்களில் உண்டு. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. ஏர்வாடியில் இருந்த அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. மனநோயாளிகளைச் சங்கிலியில் கட்டுவதைத் தெளிவான சொற்களில் தடை செய்யும் மனநலப் பராமரிப்புச் சட்டம் வந்தது 2017-இல்.

2016-இன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1995 சட்டத்தின் ஏழு வகைக் குறைபாடுகளை 21 ஆக்கியது. கூடவே ஒரு புதிய சச்சரவும் வந்தது. இம்முறை அது வீட்டுக்குள்ளேயே. வளர்ந்துவிட்ட பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள்: என் வாழ்க்கைக்கான முடிவை நான் எடுக்கிறேன், எனக்கு வேண்டியது துணை, எஜமானர் அல்ல. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக இந்தியா 2007-இல் ஏற்ற ஐ.நா. உடன்படிக்கை அவர்கள் பக்கம் நிற்கிறது. புதிய சட்டமும் வரம்புக்குட்பட்ட காப்பாளரைத்தான் சொல்கிறது. காப்பாளரும் மாற்றுத்திறனாளியும் கலந்து முடிவெடுக்க வேண்டும், அதுவும் குறிப்பிட்ட விஷயத்துக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். 1999-இன் சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதே சமயம், ஒரு சொல்கூடப் பேசாத, கையெழுத்துப் போட முடியாத நாற்பது வயது மகனை வைத்திருக்கும் எழுபது வயதுத் தாயின் பயத்துக்கும் பதில் வேண்டும். இரண்டு சட்டங்களும் இன்று ஒரே நேரத்தில் நடப்பில் இருக்கின்றன. அந்தத் தாய் கலெக்டர் ஆபீஸுக்கு எடுத்துப்போவது 1999-இன் விண்ணப்பத்தைத்தான்.