தாய்மடியும் இருக்கைப் பட்டையும் - ஒரு சட்டம் நடந்து வந்த பாதை



காலை 7 மணிக்கு எங்கள் பள்ளி வாயிலில் நிற்பது என் வாராந்திரக் கடமைகளுள் ஒன்று. காஜாங் நகரத்து நெரிசலில் ஊர்ந்து வரும் மகிழுந்துகள் ஒவ்வொன்றாக நின்று பிள்ளைகளை இறக்கிவிட்டுச் செல்லும். ஓட்டுநர் இருக்கையில் தந்தையார் பட்டை அணிந்திருப்பார். பக்கத்தில் தாயாரும் அணிந்திருப்பார். அவர் மடியில் கைக்குழந்தை இருக்கும். பின்னிருக்கையில் நம் மாணவமணிகள் இருவரோ மூவரோ முன்னிருக்கைகளுக்கு நடுவே தலையை நீட்டி நின்றபடி வருவார்கள். பெரியவர்களுக்குக் காப்பு உண்டு, பிள்ளைகளுக்கு இல்லை. இந்தக் காட்சி எப்படி உருவாயிற்று என்று எண்ணிப் பார்த்தபோது, அதற்குப் பின்னால் அரை நூற்றாண்டுச் சட்ட வரலாறு ஒன்று இருப்பதை உணர்ந்தேன். அதையே இங்கு எழுத முற்படுகிறேன்.

முதலில் ஒரு குற்ற ஒப்புதல்

ஊரைக் குறை கூறுமுன் என்னைக் கூறிக்கொள்வதே முறை. 1996ஆம் ஆண்டு. அப்போதுதான் பழைய மகிழுந்து ஒன்றை வாங்கியிருந்தேன். மகளுக்கு இரண்டு வயது. செமினி சாலையில் சென்றுகொண்டிருந்தபோது மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தினேன். மோதல் ஏதும் நிகழவில்லை. வேகமும் அதிகமில்லை. ஆயினும் மனைவியின் மடியிலிருந்த குழந்தை கைநழுவி முன்பலகையில் நெற்றி மோதியது. மூன்று தையல்கள் போட நேர்ந்தது. பட்டை அணிந்திருந்த என் மனைவிக்கும் எனக்கும் ஒரு கீறல்கூட இல்லை.

அன்று நான் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை. சட்டம் எங்கள் இருவரையும் மட்டுமே பட்டை அணியச் சொன்னது. மடியிலிருந்த குழந்தையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, நானும் சிந்திக்கவில்லை.

முன்னிருக்கை முதல் பின்னிருக்கை வரை

மூன்று புள்ளிகளில் பொருந்தும் இன்றைய இருக்கைப் பட்டையை 1959இல் வடிவமைத்தவர் சுவீடன் நாட்டு வால்வோ நிறுவனப் பொறியாளர் நில்ஸ் போலின். அதன் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்திக்கொள்ள வால்வோ வழிவிட்டது. பட்டையை மகிழுந்தில் பொருத்துவது வேறு. மக்களை அணியச் செய்வது வேறு. அணிந்தே ஆகவேண்டும் என்று முதன்முதலில் சட்டம் இயற்றியது ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம். அது 1970ஆம் ஆண்டின் இறுதி.

நம் நாட்டில் முதலில் வந்தது தலைக்கவசச் சட்டம். 1973இல் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு அது விதியாயிற்று. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தலைக்கவசம் நன்கு நினைவிருக்கிறது. இருக்கைப் பட்டை நினைவில் இல்லை. காரணம், எங்கள் லயத்தில் எவரிடமும் மகிழுந்து இல்லை. திருவிழாவுக்கும் திருமணத்துக்கும் லாரியின் பின்புறம் நின்றுகொண்டே போவோம். விழாமல் பிடித்துக்கொள்ளத் தெரிந்தவனே கெட்டிக்காரன்.

1978ஆம் ஆண்டு விதிகளின்படி, 1979 ஏப்ரல் முதல் நாளிலிருந்து முன்னிருக்கையில் அமர்வோர் பட்டை அணிவது மலேசியாவில் கட்டாயமாயிற்று. பின்னிருக்கைக்கோ 2009 சனவரி முதல் நாள் வரை காத்திருக்க நேர்ந்தது. இடையில் 30 ஆண்டுகள்! இக்காலத்தில்தான் தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் குடியிருப்புகள் பெருகின. 1985இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994இல் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை முழுமை பெற்றது. லாரியில் போன குடும்பம் மகிழுந்துக்கு மாறியது; வேகமும் மாறியது. பிள்ளையை மடியில் வைத்துக்கொள்ளும் வழக்கம் மட்டும் மாறவில்லை.

2009ஆம் ஆண்டு விதியிலும் விலக்குகள் இருந்தன. 1995க்கு முன்னர் பதிவு செய்யப்பட்ட வாகனங்களுக்கு அது பொருந்தவில்லை. பழைய மகிழுந்துகளை வைத்திருந்தோர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. வசதி குறைந்தோருக்கு வழங்கப்பட்ட சலுகைதான். ஆனால் அந்தச் சலுகையின் பொருள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பட்டையின்றிப் பயணம் செய்யலாம் என்பதே.

மடிக்கு விலக்களித்த ஒரு சட்டம்

குழந்தை இருக்கையின் கதை தனிக்கதை. 1930களில் மேலைநாடுகளில் விற்கப்பட்ட குழந்தை இருக்கைகள் பாதுகாப்புக்கானவை அல்ல. குழந்தையைச் சற்று உயர்த்தி, சன்னல் வழியே வேடிக்கை பார்க்க வைப்பதற்கானவை. 1960களின் முற்பகுதியில்தான் பாதுகாப்பு குறித்த எண்ணம் தோன்றியது. சுவீடன் நாட்டு பெர்டில் ஆல்ட்மன், விண்வெளி வீரர்கள் புறப்பாட்டின்போது முதுகு முழுவதும் பதியப் படுத்திருப்பதைக் கண்டு, குழந்தையைப் பின்னோக்கி அமர்த்தும் இருக்கையை உருவாக்கினார். உந்துவிசை முழு முதுகிலும் பரவினால் கழுத்து தப்பும் என்பதே அவர் கண்ட உண்மை.

இதனைச் சட்டமாக்கப் போராடியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்துக் குழந்தை மருத்துவர் ராபர்ட் சாண்டர்ஸ். அவரும் அவர் துணைவியாரும் சட்டமன்ற உறுப்பினர்களை ஓயாது அணுகியதன் பயனாக 1977இல் சட்டம் நிறைவேறி, 1978 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்தது. ஆனால் அச்சட்டத்தில் ஓர் ஓட்டை வைக்கப்பட்டது: தாயின் கையிலோ மடியிலோ குழந்தை இருந்தால் இருக்கை தேவையில்லை! அந்த விலக்கைச் சாண்டர்ஸ் 'குழந்தையை நசுக்கும் விதி' என்றே அழைத்தார். 1981இல்தான் அது நீக்கப்பட்டது. 1985க்குள் அமெரிக்காவின் எல்லா மாநிலங்களும் குழந்தை இருக்கைச் சட்டத்தை ஏற்றுக்கொண்டன.

இதைப் படித்தபோது என் மகளின் நெற்றித் தழும்பு நினைவுக்கு வந்தது. தாய்மடியை விடப் பாதுகாப்பான இடம் இல்லை என்னும் நம்பிக்கை தமிழருக்கு மட்டும் உரியதன்று போலும்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஆசிரியர் என்பதால் ஒரு சிறு கணக்கு. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் மகிழுந்து வினாடிக்கு ஏறக்குறைய 14 மீட்டர் கடக்கிறது. அது எதன்மீதாவது மோதி 0.07 வினாடியில் நின்றுவிடுவதாகக் கொள்வோம். அந்தக் கணத்தில் புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 20 மடங்கு விசை தேவைப்படுகிறது. 10 கிலோ எடையுள்ள குழந்தையைத் தாய் தன் கைகளால் பிடித்து நிறுத்த வேண்டுமாயின், 200 கிலோவைத் தாங்குவதற்கு ஒப்பான வலிமை வேண்டும். நாம் கடையில் வாங்கும் 10 கிலோ அரிசிப் பைகள் 20ஐ ஒரே நேரத்தில் ஏந்த எந்தத் தாயால் இயலும்? அன்பு குறைந்ததால் கை நழுவுவதில்லை; மனிதக் கைக்கு அந்த ஆற்றலே இல்லை.

அப்படியானால் குழந்தைக்கும் பெரியவர்களின் பட்டையையே போட்டுவிடலாமே என்று சிலர் கேட்பர். குள்ளமான பிள்ளைக்குத் தோள்பட்டை கழுத்தை அறுக்கும். இடுப்புப்பட்டை எலும்பில் பதியாமல் மென்மையான வயிற்றில் பதியும். தாயும் சேயும் ஒரே பட்டைக்குள் அமர்வது இன்னும் கொடிது. தாயின் எடை முழுவதும் குழந்தையின் மீதல்லவா விழும்?

2020: சட்டம் குழந்தையை அடைந்தது

இவ்வளவு நீண்ட பாதைக்குப் பின், 2020 சனவரி முதல் நாள் தனியார் மகிழுந்துகளில் குழந்தை இருக்கை மலேசியாவில் கட்டாயமாயிற்று. அப்போதைய போக்குவரத்து அமைச்சர் அந்தோணி லோக். 136 சென்டிமீட்டர் உயரத்துக்கும் 36 கிலோ எடைக்கும் குறைந்த பிள்ளைகளுக்கு அவர்களின் அளவுக்கேற்ற இருக்கை வேண்டும் என்பது விதியின் சாரம். தொடக்க மாதங்களில் சம்மன் வழங்காமல் மக்களுக்கு விளக்கம் அளிப்போம் என்றது அரசு. ஆனால் அதே ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. சாலைகள் வெறிச்சோடின. விளக்கம் அளிக்க வேண்டிய மாதங்களில் நாடு வீட்டுக்குள் அடைந்து கிடந்தது. சட்டம் ஒன்று வந்திருப்பதே பல பெற்றோருக்குத் தெரியாமற்போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

நம் ஊருக்கு இதில் தனிப்பட்ட உறவும் உண்டு. 2007இல் தொடங்கப்பட்ட மிரோஸ் எனும் மலேசியச் சாலைப் பாதுகாப்பு ஆய்வுக் கழகம் காஜாங்கில்தான் இருக்கிறது. சாத்தே வாங்க வருவோர் அறிந்த காஜாங்கை, மோதல் ஆய்வு செய்வோரும் அறிவர். அந்த ஆய்வுக் கழகம் இருக்கும் ஊரிலேயே நம் பிள்ளைகள் நின்றபடி பயணம் செய்கிறார்கள் என்பது நமக்கு நாணம் தரவேண்டிய செய்தி.

இந்தியாவும் 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின் வழி, 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் செல்வோருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதித்தது. நம் நாட்டில் 2025 ஜூன் 9ஆம் நாள் கிரிக் அருகே நிகழ்ந்த பேருந்து விபத்தில் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் மாண்டனர். வருங்கால ஆசிரியர்கள் பயிலும் சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் அவர்கள். அடுத்த மாதம் முதல் நாளிலிருந்து விரைவுப் பேருந்துகளிலும் சுற்றுலாப் பேருந்துகளிலும் பட்டை அணிவது கட்டாயமாயிற்று. பள்ளிச் சுற்றுலாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்யும் ஆசிரியர்கள் இதை மனத்தில் இருத்த வேண்டும்.

1979, 2009, 2020, 2025 என வரிசைப்படுத்திப் பாருங்கள். முதலில் முன்னிருக்கைப் பெரியவர்கள். 30 ஆண்டுகள் கழித்துப் பின்னிருக்கை. மேலும் 11 ஆண்டுகள் கழித்துக் குழந்தைகள். பயணிகளுள் மிக மெல்லிய உடல் கொண்டவரை நாம் கடைசியில்தான் நினைத்திருக்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

மலிவென்று எதையும் வாங்கிவிடாமல், ஐ.நா. ஒழுங்குவிதி 44 அல்லது 129க்கு ஏற்பச் சான்று பெற்ற ஒட்டுவில்லை இருக்கையில் உள்ளதா என்று பார்க்க வேண்டும். 129ஆம் விதியின்படி 15 மாதம் வரையேனும் குழந்தை பின்னோக்கி அமர வேண்டும். காற்றுப்பை இயங்கும் முன்னிருக்கையில் பின்னோக்கிய இருக்கையைப் பொருத்தவே கூடாது. விபத்தில் சிக்கிய பழைய இருக்கையை இரவல் வாங்கக் கூடாது.

விலை ஒரு தடை என்பதை அறிவேன். நான்கு பிள்ளைகள் உள்ள வீட்டில் நான்கு இருக்கைகள் எளிதல்ல. மோட்டார் சைக்கிளில் பிள்ளையை ஏற்றிவரும் பெற்றோரை இச்சட்டம் தொடவே இல்லை. அவர்களுக்கு அளவான தலைக்கவசம் ஒன்றே துணை. பிள்ளை வளர்ந்த வீடுகளில் நல்ல நிலையில் உள்ள இருக்கைகளைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் வழி கைமாற்றிக்கொள்ளலாம்.

2022இல் எனக்குப் பேரன் பிறந்தான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் என் மகள் இருக்கையை முன்கூட்டியே பொருத்தி வைத்திருந்தாள். "பச்சப் பிள்ளையக் கட்டிப் போடுறாளே, என்னங்க நீங்களாவது சொல்லுங்க" என்றார் என் மனைவி. நான் மகளின் நெற்றியைப் பார்த்தேன். "அம்மா, அப்பாவாலயும் உங்களாலயும் என்னைப் பிடிக்க முடியலையே" என்றாள் அவள், சிரித்துக்கொண்டே. அதன்பின் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பேரனுக்குப் பக்கத்தில் பின்னிருக்கையில் அமர்ந்து, தாமும் பட்டையை அணிந்துகொண்டார்.

என் வகுப்பறைச் சுவரில் 136 சென்டிமீட்டரில் ஒரு கோடு வரைந்துள்ளேன். நான்காம் ஆண்டு மாணவர்கள் அதன்கீழ் நின்று அளந்து பார்க்கிறார்கள். கோட்டைத் தொடாதவர்கள் பலர். அவர்கள் வீட்டுக்குச் சென்று, "எனக்கு இன்னும் இருக்கை வேண்டுமாம்" என்று சொல்லட்டும். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒரு கோடு வரையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.