‘அன்றாட வாழ்க்கை’ என்று நாம் பகிரும் பழைய ஒளிப்படங்கள்

ஆகஸ்ட் 19 உலக ஒளிப்பட நாள். 1839-ஆம் ஆண்டு அதே நாளில்தான் தாகெரின் ஒளிப்பட முறை பாரிசில் உலகுக்கு விளக்கப்பட்டது. ஆண்டுதோறும் இந்நாளையொட்டி நம் முகநூல் பக்கங்களில் பழைய இந்தியப் படங்கள் வரிசையாக வருகின்றன: தலையில் குடத்தோடு ஒரு பெண், தறியின் முன் ஒரு நெசவாளர், சவரம் செய்யும் நாவிதர், பாம்பாட்டி. ‘நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முந்தைய அன்றாட வாழ்க்கை’ என்று ஒரு வரி சேர்த்துப் பகிர்கிறோம். நானும் பகிர்ந்திருக்கிறேன். இவ்வாண்டு ஆய்வு மாணவர் ஒருவர் அத்தகைய படமொன்றைத் தம் இயலில் ‘சமூக வாழ்க்கைக்கான நேரடிச் சான்று’ என்று குறிப்பிட்டு, கருத்துக் கேட்டு அனுப்பியிருந்தார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில் நீண்டுவிட்டது. பிறருக்கும் பயன்படலாம் என்பதால் இங்கே இடுகிறேன்.

முதலில் ‘நேரடி’ என்ற சொல். 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறையே அடுத்த முப்பது ஆண்டுகள் இந்திய ஒளிப்படக்காரர்களின் பொதுமுறையாக இருந்தது. கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட் கரைசலில் தோய்த்து, ஈரம் உலர்வதற்குள் படம் எடுத்து, அப்போதே இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். கேமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துப் புட்டிகள், கூடாரம் அனைத்தையும் சுமக்க ஆட்கள் வேண்டும். இத்தனை ஆரவாரத்தோடு ஒருவர் தெருவில் வந்து இறங்கும்போது அங்கே அன்றாடம் என்று எதுவும் எஞ்சியிருக்காது. லென்சு பல நொடிகள் திறந்திருக்க வேண்டும் என்பதால் சவரக் கத்தி பிடித்த கை அசைந்தால் அது தகட்டில் கறையாகத்தான் விழும். ஆகவே நாவிதர் அங்கே சவரம் செய்யவில்லை. சவரம் செய்வது போலக் கையை நிறுத்தி வைத்திருக்கிறார். காகித நெகட்டிவ் பயன்படுத்தியவர்களுக்கு இன்னும் அதிக நேரம் தேவைப்பட்டது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையிலும் தஞ்சையிலும் திருச்சியிலும் எடுத்த படங்கள் பெரும்பாலும் ஆளற்றுக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். நடந்துகொண்டே இருந்தவர்கள் அப்படங்களில் பதியவில்லை.

பம்பாயின் வில்லியம் ஜான்சன் வேறு வழி கண்டார். 1863-லும் 1866-லும் இரு தொகுதிகளாக வெளிவந்த அவரது பம்பாய் இனங்கள் பற்றிய நூலில் பார்சிகளும் வணிகர்களும் மீனவர்களும் திறந்த வெளியில் நிற்கிறார்கள். உற்று நோக்கினால் ஆளின் மேல் விழும் வெளிச்சம் ஒரு திசையிலும் பின்னணியின் வெளிச்சம் வேறு திசையிலும் இருப்பதைக் காணலாம். ஸ்டுடியோவில் எடுத்த உருவங்களை, தனியே எடுத்த பின்னணிகளோடு இணைத்தே அப்படங்களை அவர் உருவாக்கினார். இதை மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். அக்காலத்தில் அதுவே ‘காட்சி’ என்பதன் பொருள். அதைத் தெரு என்று எழுதினால் பிழை நம்முடையது.

இதன் பெரிய வடிவம், ஃபோர்ப்ஸ் வாட்சனும் ஜான் வில்லியம் கேயும் பதிப்பித்து 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வந்த ‘இந்திய மக்கள்’ என்ற நூல். கவர்னர் ஜெனரல் கானிங் தம்பதியர் நினைவுக்காகச் சேர்க்க விரும்பிய படங்களில் தொடங்கிய முயற்சி இது. 1857-க்குப் பிறகு அரசுத் திட்டமாயிற்று. நானூறுக்கும் மேற்பட்ட ஒளிப்படங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு. அரச குடும்பத்தினரும் சில தலைவர்களும் பெயரோடு வருகிறார்கள். மற்றவர்கள் சாதியாக, பழங்குடியாக, தொழிலாக வருகிறார்கள். குறிப்புகளில் அக்குழு உழைப்புக்கு ஏற்றதா, ஆட்சிக்கு அடங்கியதா, குற்றத்தில் நாட்டம் உடையதா என்ற தீர்ப்புகள் இடம்பெறுகின்றன. கேமராவின் முன் நின்றவர் ஒருவர். தீர்ப்பு எழுதப்பட்டதோ ஒரு கூட்டத்தின் மீது.

இந்நூலை இந்தியர் ஒருவர் பார்த்ததன் பதிவு நமக்குக் கிடைத்திருக்கிறது. அதை மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும். 1869-இல் சையது அகமது கான் தம் மக்கள் ஹமீது, மஹ்மூது இருவரோடு இலண்டன் சென்றார். இந்தியா அலுவலகத்தில் இந்நூலைக் கண்டதைக் கடிதமொன்றில் எழுதியிருக்கிறார். இந்தியாவுக்குப் பணியேற்கப் புறப்படும் இளம் ஆங்கிலேய அதிகாரிகள் செல்லும் நாட்டைப் பற்றி அறிந்துகொள்ள இதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள். இப்படங்களைப் பார்த்தபின் இந்தியரின் மதிப்பைப் பற்றி அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று வருந்துகிறார். ஒருநாள் மஹ்மூது அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆங்கிலேய இளைஞர் ஒருவர் அருகில் வந்து, ‘நீர் இந்துஸ்தானியா’ என்று வினவினார். பின்னாளில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியாகவிருந்த மஹ்மூது ஆமென்று சொன்னார். சொல்லும்போதே முகம் சிவந்தது. தாம் அந்நாட்டின் ஆதிகுடிகளைச் சேர்ந்தவரல்லர், தம் முன்னோர் வேற்று நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று விரைந்து விளக்கினார்.

காலனியப் பார்வைக்கு எதிரான குரலாக இப்பகுதியை மேற்கோள் காட்டுவது வழக்கம். எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. அப்படங்கள் அந்தந்த இடத்திலேயே எடுக்கப்பட்டவை என்று சையது அகமது கான் நம்பினார். மக்கள் அவ்வளவு காட்டுத்தனமாக இருப்பதைப் படங்கள் காட்டுகின்றன என்றே அதே கடிதத்தில் எழுதினார். கேமராவின் மேல் அவருக்கு ஐயம் எழவில்லை. ஐயமின்மையின் சுமை கேமராவின் முன் நிறுத்தப்பட்டவர்கள் மேல் போய் விழுந்தது. ‘நான் அவர்களுள் ஒருவன் அல்லன்’ என்ற மஹ்மூதின் விளக்கம் அங்கிருந்துதான் வருகிறது. ‘நேரடிச் சான்று’ என்ற தொடரைக் கண்டதும் எனக்கு இந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது.

கையடக்கக் கேமராவும் வேகமான பிலிமும் வந்தபின் நிலைமை மாறியிருக்க வேண்டும். ஒரு பகுதி மாறவும் செய்தது. 1943-இல் வங்கப் பஞ்சத்தின்போது கம்யூனிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பி. சி. ஜோஷி, இளைஞரான சுனில் ஜானாவை உடன் அழைத்துச் சென்றார். ஓவியர் சித்தபிரசாதும் அப்பஞ்சத்தை வரைந்துகொண்டிருந்த காலம். ஜானாவின் படங்கள் கட்சியின் ‘பீப்பிள்ஸ் வார்’ இதழில் வெளிவந்தன. அரசு மூடி மறைக்க முயன்ற சாவுகளை நாடு கண்டது. அதன் பின்னரும் சுரங்கத் தொழிலாளர், மீனவர், உழவர், பழங்குடிகள் என்று பல பத்தாண்டுகள் எடுத்தார். உழைப்பவரைத் தாழ்ந்த கோணத்திலிருந்து வானத்தை எதிரே வைத்து நிமிர்த்திக் காட்டிய அப்படங்களுக்கு ‘இந்திய மக்கள்’ நூலோடு அரசியலில் எந்த உறவும் இல்லை. ஆனால் படக்குறிப்புகளைப் பாருங்கள். இனம், தொழில், இடம், பெரும்பாலும் அவ்வளவே. பெயர் இங்கும் இல்லை. ஆள்வோரின் ஆவணத்துக்கும் எதிர்ப்போரின் ஆவணத்துக்கும் குறிப்பெழுதும் இலக்கணம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. ஜானாவின் மேல் பெருமதிப்பு உள்ளவன் நான். அதனாலேயே இது உறுத்துகிறது.

பெயர் மறைவது எப்போதும் ஒரு பக்கத்தில் மட்டும் நிகழ்வதன்று. ஹோமாய் வியாரவாலா 1930-களின் பிற்பகுதியில் பம்பாயின் தெருக்களையும் தம்மோடு ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்ற தோழியரையும் எடுத்த படங்கள் தொடக்கத்தில் அவருடைய கணவர் மானெக்‌ஷாவின் பெயரிலேயே இதழ்களில் வந்தன.

படமெடுக்கப்பட்டவர்கள் எதை விரும்பினார்கள் என்ற கேள்வியை அண்மைக்காலம் வரை யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. மத்தியப் பிரதேசத்தின் நாக்டா பகுதியில் களப்பணி செய்த கிறிஸ்டோபர் பின்னி, 1997-இல் வெளியான ‘கேமரா இண்டிகா’ நூலில் அதைப் பேசுகிறார். அவ்வூரார் விரும்பியது தலை முதல் கால் வரை முழுமையான உருவம், நேர்ப்பார்வை, நிழல் படியாத முகம். மேலைநாட்டு ரசனை போற்றும் ‘இயல்பான’ அரை உருவப் படங்கள் அவர்களுக்குக் குறையுடையனவாகவே தோன்றின. நாம் அன்றாடம் என்று தேடுவதை அவர்கள் தங்கள் படமாகவே ஏற்கவில்லை. நானும் இதை அனுபவித்திருக்கிறேன். களப்பணியின்போது அம்மி அரைத்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவரைப் படமெடுக்கக் கேட்டேன். ‘கொஞ்சம் இருங்க தம்பி’ என்று உள்ளே போனவர் அரைமணி கழித்துப் பட்டுச்சேலையோடு வந்து நாற்காலியில் அமர்ந்தார். எனக்கு அன்று ஏமாற்றம். அரைக்கும்போது கேளாமல் எடுத்திருந்த இன்னொரு படத்தையே ஆய்வேட்டில் சேர்த்தேன். ‘அம்மி அரைக்கும் பெண்’ என்று குறிப்பும் எழுதினேன். அவர் பெயர் என் களக்குறிப்பேட்டில் இருந்தது.

ஆகவே மாணவருக்கு நான் எழுதியது இதுதான். அப்படத்தைத் தவிர்க்க வேண்டாம். நெசவு எப்படி நடந்தது என்பதைவிட, ஒரு நெசவாளரும் ஓர் ஒளிப்படக்காரரும் ஒரு பகற்பொழுதில் சந்தித்தது பற்றி அது அதிகம் சொல்லும். பின்னணித் திரையின் விளிம்பு தெரிகிறதா, அதே கம்பளம் வேறு ‘இன’த்தின் படத்திலும் விரிந்திருக்கிறதா, ஒரே ஆள் இரு படங்களில் இரு தொழிலுக்கு நிற்கிறாரா, கண்கள் லென்சைப் பார்க்கின்றனவா அல்லது அருகில் நின்று ஆணையிடும் ஒருவரையா என்று பாருங்கள். குறிப்பை யார், எப்போது, எந்தக் கோப்புக்காக எழுதினார் என்று தனியே விசாரியுங்கள். படத்துக்கும் குறிப்புக்கும் இடையே பல ஆண்டு இடைவெளி இருப்பது வழக்கம்.

இன்னொன்று. 2010-இல் அனுஷா யாதவ் தொடங்கிய ‘இந்தியன் மெமரி புராஜெக்ட்’ போன்ற முயற்சிகள் குடும்பப் படங்களைப் பெயரோடும் கதையோடும் சேர்க்கின்றன. அதைப் பார்த்து நம் துறைகளிலும் பலர் வீடு வீடாகச் சென்று பழைய படங்களை ஸ்கேன் செய்யத் தொடங்கியிருக்கிறீர்கள். பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டுமே எடுத்து வருகிறீர்கள். ஸ்டுடியோவின் முத்திரை, மையால் எழுதிய தேதி, ‘சின்ன அத்தை, மாமா, நடுவில் நான்’ போன்ற வரி எல்லாம் பின்பக்கத்தில் இருக்கின்றன. சட்டமிட்டு மாட்டியிருந்தால் வீட்டாரின் அனுமதியோடு சட்டத்தைக் கழற்றி, அதையும் ஸ்கேன் செய்யுங்கள். நடுவில் இருப்பவர் உயிரோடிருந்தால் மற்ற இருவரின் பெயரையும் அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.