திரை கறுப்பானால் கணினி செத்துவிட்டதா?

லேப்டாப்பை ஆன் செய்கிறோம். உள்ளே விசிறி சுற்றும் சத்தம் கேட்கிறது, ஓரத்தில் சின்ன விளக்கு எரிகிறது. திரையில் மட்டும் ஒன்றுமே இல்லை, ஒரே கறுப்பு. கடைக்குக் கொண்டுபோனால், பையன் இரண்டு தடவை பட்டனை அமுக்கிப் பார்த்துவிட்டு, "அங்கிள், மதர்போர்டு போயிடுச்சு" என்கிறான். நம் வயதுக்காரர்கள் பலரும் இந்தத் தீர்ப்பைக் கேட்டிருப்போம். சில சமயம் அது உண்மைதான். பல சமயம் இல்லை. ஏன் இல்லை என்பதற்கு நாற்பது வருடத்துக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

ஐபிஎம் நிறுவனம் தன் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை அறிவித்தது 1981 ஆகஸ்ட் 12-ஆம் தேதி. மாடல் எண் 5150. அதில் ஒரு விசேஷம். ஸ்விட்சைப் போட்டதும் அது நேராக வேலையில் இறங்காது. முதலில் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்ளும். மின்சாரம் நிலைப்பட்டதும் பவர் சப்ளையிலிருந்து 'சரி, ஆரம்பி' என்று ஒரு சமிக்ஞை வரும். உடனே பிராசசர், அழியாத நினைவகத்தில் எழுதிவைத்திருக்கும் பயாஸ் என்ற சிறிய நிரலைப் படிக்கத் தொடங்கும். (பயாஸ் என்ற பெயர் ஐபிஎம் வைத்ததல்ல. 1970-களிலேயே கேரி கில்டால் தன்னுடைய சிபி/எம் இயங்குதளத்தில் பயன்படுத்திய சொல் அது.) பிராசசர் சரியா, மெமரி சரியா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு போகும்.

இங்கேதான் ஒரு சிக்கல். பாதி வழியில் கோளாறு கண்டுபிடித்தால் அதை எப்படிச் சொல்வது? திரையைத் தட்டியெழுப்பும் வேலையே இன்னும் நடக்கவில்லையே! அதனால் பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரை வாயாக வைத்துக்கொண்டார்கள். குட்டையாக ஒரு பீப் வந்தால் எல்லாம் நலம். நீளமாக ஒன்று, குட்டையாக இரண்டு வந்தால் திரைக்கான கார்டில் கோளாறு. சத்தமே இல்லையென்றால் பவர் சப்ளையையோ போர்டையோ பார்க்க வேண்டும். திரை விழித்துக்கொண்ட பிறகு தெரியும் கோளாறுகளுக்கு எண்கள்: மெமரி என்றால் 201, விசைப்பலகை என்றால் 301.

எங்கள் அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தது 1988-ல். குளிர்சாதன அறை, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். சம்பளப் பட்டியல் போட வேண்டிய நாளில் ஒருமுறை அது கறுப்புத் திரையோடு நின்றுவிட்டது. வந்த என்ஜினியர் திரையைப் பார்க்கவே இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்துவிட்டு, வைத்தியர் நாடி பிடிப்பதுபோலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். "ஒரு நீளம், ரெண்டு குட்டை" என்றார். பெட்டியைத் திறந்து ஒரு கார்டை உருவி, அதன் மஞ்சள் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, திரும்பச் செருகினார். திரை வந்துவிட்டது. இன்றைக்கும் மெமரி கார்டைக் கழற்றி, ரப்பரால் தேய்த்து மாட்டுவது நம் ஊர் மெக்கானிக்குகளின் முதல் வைத்தியம்.

1982 நவம்பரில் காம்பாக் நிறுவனம் ஐபிஎம்மின் பயாஸைக் காப்பியடிக்காமல், அதே வேலையைச் செய்யும் சொந்த பயாஸை எழுதி, பதின்மூன்று கிலோ எடையுள்ள 'கையில் தூக்கும்' கணினியை அறிவித்தது. பிறகு ஃபீனிக்ஸ், அவார்டு என்று பயாஸ் எழுதி விற்பதற்கென்றே நிறுவனங்கள் வந்தன. அவற்றில் ஒன்று அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ். 1985-ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் அதைத் தொடங்கியவர்கள் சுப்ரமோனியன் சங்கரும் பாட் சர்மாவும். சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு. நாம் வாங்கிய 'அசெம்பிள்டு' கணினிகளில் ஏராளமானவை கண் விழித்ததும் முதலில் காட்டியது இவர்கள் பெயரைத்தான். ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பீப் பாஷை. அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ் பயாஸில் எட்டு பீப் என்றால் திரைக்கான மெமரியில் கோளாறு. வேறு பயாஸில் அதே கோளாறு வேறு மாதிரி ஒலிக்கும். மெக்கானிக்குகள் இதற்கெல்லாம் பட்டியல் எழுதி மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்த காலம் அது.

இதற்கிடையில் 1999 ஏப்ரல் 26 அன்று ஒரு விபரீதம் நடந்தது. செர்னோபில் விபத்தின் நினைவு நாளில் விழித்துக்கொண்டதால் செர்னோபில் வைரஸ் என்று பெயர் பெற்ற ஒரு வைரஸ், ஹார்டு டிஸ்கின் ஆரம்பப் பகுதியை அழித்ததோடு, சில போர்டுகளில் பயாஸ் மேலேயே குப்பையை எழுதிவிட்டது. சுய சோதனை செய்யும் நிரலே அழிந்தால் பீப் ஏது, எண் ஏது? அது மெய்யான சாவு. அந்தச் சிப்பையே மாற்றவோ, மறுபடி எழுதவோ வேண்டியிருந்தது.

லேப்டாப்புக்கு வருவோம். பழைய மேஜைக் கணினியின் திரை தானே ஒளிவிடும் படக்குழாய். லேப்டாப்பின் திரை அப்படியல்ல. 1888-ல் பிராகில் இருந்த ரைனிட்சர் என்ற தாவரவியலாளர், கேரட்டிலிருந்து எடுத்த ஒரு பொருளைச் சூடுபடுத்தும்போது, அது 145.5 டிகிரியில் உருகிக் கலங்கலாகி, 178.5 டிகிரியில் தெளிவாவதைக் கண்டார். ஒரே பொருள் இரண்டு தடவை உருகுமா என்று அவருக்கே குழப்பம். அதுதான் திரவப் படிகம். எண்பது வருடம் கழித்து, 1968-ல், அமெரிக்காவின் ஆர்சிஏ நிறுவனம் அதை வைத்துச் செய்த திரையை உலகுக்குக் காட்டியது. இந்தப் படிகம் ஒளியைத் தடுக்கும், விடும். தானாக ஒளி தராது. ஜன்னல் திரைச்சீலை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் இருந்தால்தான் சீலையில் உள்ள பூ தெரியும்.

ஆகவே லேப்டாப் திரைக்குப் பின்னால் ஒரு விளக்கு வைத்தார்கள். முதலில் பென்சிலைவிட மெல்லிய டியூப் லைட். அதற்குச் சில நூறு வோல்ட் வேண்டும், எரியத் தொடங்கும் நொடியில் ஆயிரத்துக்கும் மேல். அந்த மின்னழுத்தத்தை உண்டாக்க இன்வெர்ட்டர் என்று ஒரு குட்டிப் பலகை. அது அடிக்கடி போகும். பிறகு எல்இடி விளக்குகள் வந்து அந்த இன்வெர்ட்டரை ஒழித்தன. நல்லதுதான்.

இப்போது புரிகிறதா? மேஜைக் கணினியில் கறுப்பு என்றால் படம் வரவில்லை. லேப்டாப்பில் கறுப்புக்கு இரண்டு அர்த்தம்: படம் வரவில்லை அல்லது படம் வந்தும் விளக்கு எரியவில்லை. இரண்டாவதற்கு மதர்போர்டை மாற்றுவது, பல்ப் ஃப்யூஸ் ஆனதற்கு வீட்டை இடிப்பது போல. போதாக்குறைக்கு லேப்டாப்பை மெலிய வைக்கிறேன் என்று அந்தப் பழைய பீப் ஸ்பீக்கரையும் எடுத்துவிட்டார்கள். பல மாடல்களில் இப்போது கேப்ஸ் லாக் விளக்கோ பேட்டரி விளக்கோ இத்தனை தடவை என்று கண் சிமிட்டிக் கோளாறைச் சொல்கிறது. கேட்க வாயிருந்த பிராணியை ஊமையாக்கிவிட்டுச் சைகை பாஷை படி என்கிறார்கள்!

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எண்பதை நெருங்குகிறார். ஒன்பது வருடமாக ஊர் ஊராகப் போய் உழவுச் சொற்களைச் சேகரித்து லேப்டாப்பில் தட்டி வைத்திருக்கிறார். ஏற்றம், கமலை, பரம்பு, போரடி என்று நாலாயிரத்துக்கு மேல். சொன்னவர்களில் பாதிப் பேர் இன்று உயிரோடு இல்லை. பிரதி எதுவும் எடுத்து வைக்கவில்லை. போன தை மாதம் திரை கறுத்துவிட்டது. கடையில் அதே தீர்ப்பு: போர்டு போச்சு, பதினாலாயிரம் ஆகும், பேசாமல் இதைக் கொடுத்துவிட்டுப் புதிது வாங்கிக்கொள்ளுங்கள். கிட்டத்தட்டக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலை நடையின்போது பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார். சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன்.

முதலில் பென் டிரைவ், பிரிண்டர் ஒயர் எல்லாவற்றையும் பிடுங்கினோம். சார்ஜரைக் கழற்றிவிட்டு, அணைந்திருந்த நிலையில் பவர் பட்டனை முப்பது விநாடி அழுத்திப் பிடித்தோம். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் வடிந்து, சில மாடல்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். இது பிழைக்கவில்லை. மறுபடி ஆன் செய்து, கேப்ஸ் லாக் சாவியைத் தட்டச் சொன்னேன். விளக்கு எரிந்தது, இன்னொரு தட்டில் அணைந்தது. பிராசசர் உயிரோடு இருக்கிறது, சொன்னதைக் கேட்கிறது என்று அர்த்தம். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நான்கையும் சேர்த்து அழுத்தினேன். திரைக்கான மென்பொருளை மறுபடி எழுப்பும் கட்டளை அது. 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. படம் இல்லை.

அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைத் திரையில் சாய்வாக அடித்தேன். மங்கலாக, குளத்தடியில் கிடக்கும் காசு மாதிரி, கடிகாரமும் பின்னணிப் படமும் தெரிந்தன. ஆசிரியர் மூக்கு திரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தார். படம் வந்துகொண்டுதான் இருக்கிறது. விளக்குதான் எரியவில்லை. மூடியைப் பாதி சாய்த்தபோது ஒரு கணம் வெளிச்சம் பளிச்சென்று வந்து, நிமிர்த்தியதும் போய்விட்டது. மூடியின் கீலுக்குள் வளைந்து போகும் ஒயர்தான் தேய்ந்திருக்கிறது.

ஹெச்டிஎம்ஐ ஒயரால் அவர் வீட்டு டிவியில் இணைத்து, விண்டோஸ் சாவியோடு பி-யை அழுத்தினோம். சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம். நாற்பது அங்குலத் திரையில் அவருடைய சொற்பட்டியல் விரிந்தது. இரண்டு பென் டிரைவில் நகல் எடுத்து, ஒன்றை அவர் பெண் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினோம். அடுத்த வாரம் வேறொரு கடையில் அந்த ஒயரை மட்டும் மாற்றினார்கள். கூலியோடு ஆயிரத்து இருநூறு ரூபாய்.

இப்போது 'ந' வரிசையில் இருக்கிறார். நேற்றுக்கூட, எங்கள் பக்கம் நாற்றுமுடிக்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டு ஃபோன் செய்தார்.