அட்டையில் எழுதாத பெயர்கள்

போட்டோவுக்குக் கண்ணாடி போடுகிற கடைக்குப் போனால் கடைக்காரர் முதலில் கேட்பது, "அட்டை வச்சுப் போடவா, வெறுமனே போடவா?" என்றுதான். அட்டை வைத்தால் படத்தைச் சுற்றி ஓரம் கிடைக்கும். அந்த ஓரத்தில் பெயர் எழுதலாம், தேதி எழுதலாம். யார் பெயரை எழுதுகிறார்கள், யார் பெயரை விடுகிறார்கள் என்பதில் ஒரு வரலாறே இருக்கிறது. அதைப் பேசுவதற்கு ஜூலியா மார்கரெட் கேமரூன் என்ற வெள்ளைக்காரப் பெண்ணை எடுத்துக்கொள்கிறேன். அந்த அம்மாவின் கதை நம்ம சனங்களின் காப்பித் தோட்டத்துக் கதையோடு ஒட்டிக் கிடக்கிறது.

கேமரூன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 1863 டிசம்பரில், 48 வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுத்தார்கள். பொழுதுபோகட்டும் என்று கொடுத்தது. இங்கிலாந்தின் வைட் தீவில் இருந்த வீட்டில் கோழிக்கூண்டைப் படம் எடுக்கும் அறையாக்கினார். கரி போட்டிருந்த இடத்தை இருட்டறையாக்கினார். தொழில் செய்யும் ஸ்டுடியோக்காரர்கள் "படம் மங்கல், கறை" என்று கேலி பேசினார்கள். அவர் கேட்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 900 படங்கள்.

அன்றைய வேலை லேசானதல்ல. கண்ணாடித் தகட்டில் மருந்தை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்துக் கழுவியாக வேண்டும். முட்டை வெள்ளைக்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால் படம் இறங்கும். அந்தத் தாள் மெல்லியது, சுருண்டுகொள்ளும். அதனால் பசை தடவிக் கனத்த அட்டையில் ஒட்டியாக வேண்டும். கேமரூன் அந்த அட்டையிலேதான் தன் கடையை விரித்தார். "உயிருள்ளவரை நேரில் வைத்து எடுத்தது" என்று எழுதுவார். படத்தில் இருப்பவரின் பெயர், பதிவு செய்யப்பட்ட படம் என்ற குறிப்பு, கீழே தன் கையெழுத்து. ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்களுக்குச் சட்டப்படி பதிப்புரிமை பெற்றார். லண்டனில் கொல்னாகி என்ற படவணிக நிறுவனம் விற்றுக் கொடுத்தது. 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகமே வாங்கியது. ஒரு பெண், அதுவும் ஆசைக்குப் படம் எடுக்க வந்தவர், தன் உழைப்புக்கு உரிமையும் விலையும் கேட்டார். இதை நாம் மதிக்கத்தான் வேண்டும்.

ஆனால் அட்டையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டென்னிசன், கார்லைல், ஹெர்ஷல் எனப் பெரிய மனிதர்களுக்குப் பெயர் உண்டு. 1868இல் எடுத்த டார்வின் படத்தின் அட்டையில், எனக்கு இந்தப் படம்தான் மிகப் பிடித்தது என்று டார்வின் எழுதிக் கொடுத்த வரியை அவர் கையெழுத்திலேயே அச்சிட்டுச் சேர்த்தார்கள். அதே ஆண்டு எத்தியோப்பியாவின் மக்தலா கோட்டையைப் பிடித்த பிரிட்டிஷ் படை, அரசரின் மகனான ஏழு வயது அலமாயுவை இங்கிலாந்துக்குக் கொண்டு வந்தது. அவனையும் படம் எடுத்தார். கறுப்புப் பிள்ளைதான், ஆனாலும் இளவரசன். ஆகவே அட்டையில் பட்டத்தோடு பெயர் ஏறியது. நிறம் மட்டுமே இதைத் தீர்மானிக்கவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இந்தத் தகடுக்கும் மருந்துக்கும் காசு எங்கிருந்து வந்தது? கணவர் சார்லஸ் ஹே கேமரூனுக்கு இலங்கையில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. சட்ட வல்லுநர். இலங்கையில் ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பை 1832இல் ஒழிக்க வழிசெய்த கோல்புரூக் – கேமரூன் குழுவில் இருந்தவர். ஒரு கட்டாய உழைப்பு போனது. காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டியிருந்தது. ராமநாதபுரக் கரையில் தோணியேறி, மன்னாரில் இறங்கி, காடு வழியாக மாத்தளைக்கு நடந்தே போனார்கள் நம் ஆட்கள். பெரும்பாலோர் பறையர், பள்ளர், சக்கிலியர். காலராவில் வழியிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். கங்காணி கணக்கில் அவர்கள் கடன்காரர்கள்.

இங்கிலாந்தில் பிராக்கன்ஹர்ஸ்ட் என்று ஒரு ரயில் நிலையம். அதன் காத்திருப்பு அறைக்கு 1871இல் கேமரூன் பெரிய மனிதர்களின் படங்களைச் சட்டம் போட்டுக் கொடுத்தார். நான்கு வருடம் இலங்கையில் இருந்துவிட்டு வந்த மகனை முதலில் சந்தித்த இடம் என்ற நன்றிக்காக. தாய்ப்பாசம், தப்பில்லை. ஆனால் அந்தச் சீமைக்குப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார்களுக்கு எந்தச் சாவடியில் யார் படம் மாட்டினார்கள்?

1869இல் காப்பி இலையில் துருநோய் விழுந்தது. தோட்ட வருமானம் சரிந்தது. படம் விற்ற காசு குடும்பத்தைத் தாங்கவில்லை. 1875இல் கணவனும் மனைவியும் இலங்கைக்கே போய்விட்டார்கள். அங்கு எடுத்தவற்றில் முப்பதுக்கும் குறைவான படங்களே மிஞ்சியிருக்கின்றன. 1877இல் களுத்துறை வீட்டுக்கு வந்த ஓவியர் மேரியன் நார்த்தை எடுத்தார், பெயர் இருக்கிறது. 1878இல் எடுத்த ஒரு படத்தின் தலைப்பு, களுத்துறை விவசாயிகள். சிறுமிக்கு 12 வயது, தகப்பன் என்று சொல்லும் கிழவர் தனக்கு நூறு வயது என்கிறார் என்று குறிப்பு எழுதியிருக்கிறார். வயது கேட்கத் தெரிந்த அம்மாவுக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை. அவர்கள் தமிழரா, சிங்களரா என்றுகூட அந்த அட்டை சொல்லவில்லை. பெயர் இருந்திருந்தால் இன்று யாராவது ஒருவர், "இது எங்க பூட்டன்" என்று வந்து நிற்க முடியும்.

கேமரூன் 1879 ஜனவரியில் திக்கோயாவில் இறந்தார். பொகவந்தலாவை தேவாலயத்தில் பெயர் பொறித்த கல்லறை இருக்கிறது. தோட்டத் தொழிலாளிக்கோ, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண் அடித்த தகரத் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். பெயருக்குப் பதில் எண்.

எங்க அப்பாயி கண்டிச் சீமையில் பிறந்தது. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் 'திரும்பி' வந்தது, பிறக்காத நாட்டுக்கு. வீட்டில் இருந்த ஒரே பழைய படம், கடவுச்சீட்டுக்காக எடுத்தது. "அப்பதான்டா என் பேரை முழுசா எழுதுனானுவ" என்று சொல்லும். அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டபோது கடைக்காரரிடம் அட்டை வைக்கச் சொன்னேன். அப்பாயி பேரும், அது பேர் சொல்லக் கேட்ட இன்னும் ஆறு பேரின் பெயர்களும் அந்த ஓரத்தில் இருக்கின்றன.

இன்று நம் இளைஞர்கள் கேமரா எடுத்துவிட்டார்கள். சேரியை, சாக்கடைக்குள் இறங்குபவரை, பறையடிப்பவரை எடுக்கிறார்கள். அட்டையில் ஒட்டி, சட்டம் போட்டு, கண்காட்சியில் விற்கிறார்கள். விற்கட்டும், நம் உழைப்புக்கு விலை உண்டு. ஆனால் 'ஒரு துப்புரவுத் தொழிலாளி', 'கிராமத்து மூதாட்டி' என்று எழுதி மாட்டினால் களுத்துறை அட்டையைத்தான் நாமும் செய்கிறோம். தோழர்களே, எடுக்கும்போதே பெயரைக் கேளுங்கள். போடலாமா என்றும் கேளுங்கள். வேண்டாம் என்றால் விடுங்கள். ஒரு பிரதியை அவர் வீட்டுச் சுவருக்குக் கொடுங்கள். விற்ற காசில் அவருக்கும் பங்கு உண்டு.