ஆயராக என்ன படிக்க வேண்டும்?

"பாதிரியாராகத் தனிப் படிப்பு உண்டா சார்?" என்று நடைப்பயிற்சி நண்பர் கேட்டார். உண்டு.

கோவைக்கு 1830-இல் லண்டன் மிஷன் வந்தது. கரூர், தாராபுரம் பக்கம் ஊழியம் செய்தவர்கள் வெஸ்லியன் மெதடிஸ்டுகள். 1947 செப்டம்பர் 27-இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இவர்கள் எல்லோரும் ஒரே சபையானார்கள். 1950-இல் கோவைத் திருமண்டலம் அமைந்தது.

இங்கே ஆயராக விரும்புகிறவர் பொதுவாக இறையியலில் பி.டி. பட்டம் பெற வேண்டும். பட்டம் தருவது கல்கத்தா அருகே செராம்பூர். அந்த உரிமையை 1827-இல் டென்மார்க் அரசர் வழங்கினார். படித்து வந்தவுடன் ஆயராகிவிட முடியாது. முதலில் உதவி குரு, பிறகுதான் ஆயர்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். கணக்கு நன்றாக வரும். ஆனால் மளிகைக்கடையில் அரைக்கால், முக்கால் என்று தமிழில் சொல்லத் திணறியிருக்கிறேன். அதனால்தான், 1969-இல் மதுரை அரசரடியில் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரி தமிழிலேயே இறையியல் கற்பித்தது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. மாணவர்களை ஏழைகள் வாழும் குடிசைப் பகுதிகளில் தங்கவைத்தும் பயிற்றுவித்தார்கள்.

எபிரேயமும் கிரேக்கமும் படிக்கட்டும். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் எழவு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆறுதல் சொல்ல, ஆயருக்குத் தமிழ்தானே வேண்டும்?