நாமக்கல்லைக் கடக்கும் 16 கிலோமீட்டர் அலை

திருநெல்வேலி மாவட்டம் விஜயநாராயணத்தில் 1990 அக்டோபரில் தொடங்கப்பட்டது ஐ.என்.எஸ். கட்டபொம்மன். அந்தக் கடற்படைத் தளத்திலிருந்து 18.2 கிலோஹெர்ட்ஸில் ஓர் அலை புறப்படுகிறது. அது தேடிப்போவது கடலுக்கடியில் கிடக்கும் நீர்மூழ்கிக் கப்பலை. ஆனால் கடல் எந்தப் பக்கம் என்று அலைக்குத் தெரியுமா? எல்லாத் திசையிலும் கிளம்புகிறது. வடக்கே வருவது கோவில்பட்டி, விருதுநகர், திண்டுக்கல், கரூர் என்று ஏறக்குறைய நம் லாரிகள் ஓடும் 44ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டியே வந்து, மோகனூரில் காவிரியைத் தாண்டி நாமக்கல்லுக்குள் நுழைகிறது. 300 கிலோமீட்டருக்கு மேல். அலைக்கு ஆகும் நேரம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.

இந்த அலையின் நீளம் 16 கிலோமீட்டருக்கும் அதிகம். மோகனூருக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரே ஓர் அலைதான் அடங்கும்! இத்தனை நீளமான அலையை எழுப்பச் சின்னக் கம்பி போதாது. 2014இல் அங்கே திறக்கப்பட்ட புதிய நிலையத்தின் உயரமான கம்பங்கள் 471 மீட்டர். அதுவும் இந்த அலைக்குக் குட்டைதான்.

கப்பலுக்குக் கப்பல் பேசும் வி.எச்.எஃப். அலை நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவு அதை அடிவானத்தோடு நிறுத்திவிடும். தப்பி வந்தாலும் கொல்லிமலை மறிக்கும். சிற்றலை வேறு ரகம். வானில் ஏறி, அயனி மண்டலத்தில் பட்டு, தொலைவில் இறங்கும். நடுவிலுள்ள ஊர்களுக்குச் சில நேரம் ஒன்றுமே கேட்காது. பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருக்கவேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் 2013 ஆகஸ்டில் ஏவப்பட்ட ஜிசாட்-7 இருக்கிறது. கடற்படைக்கென்றே செய்த அந்தச் செயற்கைக்கோளுக்கு ருக்மிணி என்று பெயர்.

இவை எல்லாம் நீர்மட்டத்தோடு சரி. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். அதனாலேயே அலையை விழுங்கும். 10 மெகாஹெர்ட்ஸ் சிற்றலை எட்டு சென்டிமீட்டர் இறங்குவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். நம் 18.2 கிலோஹெர்ட்ஸ் அலை அந்த அளவுக்கு இளைக்க ஏறத்தாழ 1.9 மீட்டர் இறங்கவேண்டும். ஆகவே சில மீட்டர் ஆழத்திலும் செய்தி எட்டும். கப்பல் அதற்கும் கீழே இருந்தால், நீளமான ஆன்டெனா கம்பியை மேலே மிதக்க விட்டுப் பிடித்துக்கொள்ளும். குரல் போகாது, எழுத்துகள் மட்டும், அதுவும் மெதுவாக. இதே அலையில் பதில் சொல்லவும் வழியில்லை; 471 மீட்டர் கம்பத்தை எந்தக் கப்பலில் நட முடியும்?

நிலத்துக்கும் அயனி மண்டலத்துக்கும் இடையில்தான் இந்த அலையின் பயணம். பகலில் அந்தக் கூரை சுமார் 70 கிலோமீட்டர் உயரம். இரவில் 90 வரை ஏறும். கூரை அசைந்தால் அலையின் வலுவும் மாறும். 2009 ஜூலை 22 முழுச் சூரிய கிரகணத்தன்று, கொல்கத்தாவின் இந்திய விண்வெளி இயற்பியல் மையத்தார் இதே அலையைப் பல இடங்களில் பிடித்து அந்த மாற்றத்தை அளந்தார்கள். போருக்கென்று அனுப்பியது அறிவியலுக்கும் உதவியது.

இந்த வகையில் இரண்டாவது நிலையத்துக்கு 2024 அக்டோபர் 15 அன்று தெலங்கானாவின் விகாராபாத் மாவட்டத்தில், தாமகுண்டம் காட்டில் அடிக்கல் நாட்டினார்கள். கடலே இல்லாத மாவட்டம். மரங்கள் போகுமே என்று அங்கே எதிர்ப்பும் எழுந்தது. நிலையம் தேவைதான். ஆனால் இத்தனை தூரம் போகும் அலைக்குக் காட்டை அழித்து இடம் கொடுத்திருக்க வேண்டியதில்லை.